வால் சுற்றும் வண்டி

டயரில் காற்று எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ வண்டி அவ்வளவு வேகமாகப் போகும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அளவு தாண்டினால் டயர் தரையைப் பிடிக்காது, பிடித்திருப்பதுபோலப் பாசாங்கு செய்யும். உங்கள் ஜீப்பின் முன் டயர் இரண்டும் அப்படித்தான் இருக்கின்றன, ஐயா. ஸ்டேஷனுக்குள் வரும்போது பார்த்தேன். யாரிடமாவது சொல்லிக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

என் தொழிலே இதுதான். கார்ப் பந்தய விளையாட்டில் ஓடும் வண்டிகளுக்கு செட்டப் போட்டு, அதாவது எந்தப் பாகம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று எண்களில் அமைத்துக் கொடுப்பது. திரையில் ஓடுகிற வண்டிதான், ஆனாலும் அதற்கும் ஸ்பிரிங் உண்டு, பிரேக் உண்டு, டயர் சூடாவதும் தேய்வதும் உண்டு. ஒரு சோபாக் கடையின் மேல்மாடியில், ஸ்டீயரிங்கும் பெடலும் வைத்த ஆறு இருக்கைகளோடு ஒரு கூடம். அங்கே பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். போட்டிக்குப் போகிறவர்கள் வந்து, "வண்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்பார்கள். நான் இரண்டு எண்ணை மாற்றுவேன். கேட்கும். வீட்டிலும் முன் அறையில் அப்படி ஓர் இருக்கை எனக்கு உண்டு. தினமும் காலையில் ஸ்டீயரிங்கை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். எனக்குச் சுத்தம் முக்கியம்.

அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் நானும் தங்கையும்தான். பதினாறு வருடம். அவளும் என்னைப் போலவே இருந்தாள். சத்தமில்லாமல் சாப்பிடுவாள், தட்டை உடனே கழுவி வைப்பாள். பிறகு அவளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை எங்களோடு தங்க வந்தார்.

மெத்தைக் கடையில் விற்பனையாளர். நல்ல மனிதர், அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குடிக்க மாட்டார். என் தங்கையை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மச்சான் கம்ப்யூட்டர்லயே கார் ரிப்பேர் பண்ணுவார்" என்று பெருமை அடித்துக்கொள்வார்.

ஆனால் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு மெல்லுவார். உள்ளே போனது கூழாவது வரை எதிரே இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முட்டையின் மஞ்சள் உதட்டோரம் ஒட்டிக் காய்ந்து, அவர் சிரிக்கும்போது பொருக்குப் பொருக்காக உதிரும். பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் உறிஞ்சி எடுத்து, விரலில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள் போட்டுக்கொள்வார். குளியல் சோப்பில் அவர் முடி சுருண்டு ஒட்டியிருக்கும். ஒருநாள் என் மேசையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டினார். கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவிலிருந்து பதினான்கு துண்டுகளை இடுக்கியால் எடுத்தேன். ஒன்றில் இன்னும் ஈரம் இருந்தது.

"மச்சான், எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்களேன். சின்ன வயசுலேர்ந்து ஆசை" என்று கேட்டபோது அவர் கை ஏற்கெனவே ஸ்டீயரிங் மேல் இருந்தது. ரொட்டியில் தடவிய வெண்ணெய் விரலில் அப்படியே இருந்தது.

அந்த நிமிடமே முடிவு செய்தேன் என்றால் அது பொய். எனக்குக் குமட்டியது. அவ்வளவுதான்.

வளைவில் வண்டி இரண்டு விதமாகத் தவறும். ஒன்று, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் மூக்கு கேட்காமல் நேரே போகும். அப்போது ஆக்சிலேட்டரிலிருந்து பாதத்தைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்னால் வந்து, மூக்கு உள்ளே திரும்பும். பயந்தவனைக் காப்பாற்றும் தவறு அது. மற்றொன்று, வால் சுற்றும். அங்கே அதே மாதிரி பாதத்தை எடுத்தால் பின்பக்கம் இன்னும் லேசாகி, வண்டி பம்பரமாகிவிடும். அதனால்தான் ஒழுங்காகக் கற்பிக்கிறவர்கள், வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடு, உள்ளே போன பிறகு பாதத்தைப் பதறாமல் வை என்பார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மாப்பிள்ளைக்கு மட்டும் வேறு வண்டி தயார் செய்தேன். முன்பக்கத்தை இறுக்கி, பின்பக்கத்தைத் தளர்த்தி, பிரேக்கின் பெரும்பங்கை முன் சக்கரத்துக்குத் தள்ளினேன். அந்த வண்டி எந்த நாளும் வால் சுற்றாது. "வேகமாவே உள்ள போங்க மாப்பிள்ளை. வெளிய இழுக்குற மாதிரி இருந்தா டக்குனு காலை எடுத்து பிரேக்கை ஒரு தட்டு தட்டுங்க. தானா வரும்" என்றேன்.

வந்தது. குழந்தை மாதிரிக் கைதட்டினார். "நாய்க்குட்டி கணக்கா உள்ள வருது மச்சான். நீங்க சொன்னா வண்டியே கேக்குது."

ஏழு மாதம். தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம். அவர் எழுந்து போன பிறகு இருக்கையில் வியர்வை, முதுகின் வடிவத்தில் ஈரமாக இருக்கும். நான் துடைப்பேன். ஆரம்பத்தில் யோசித்துத்தான் பாதத்தை எடுத்தார். நாலாவது மாதம் பேசிக்கொண்டே எடுத்தார். ஏழாவது மாதம், எடுத்தது அவருக்கே தெரியவில்லை. பழக்கம் ஒருமுறை பாதத்துக்குள் போய்விட்டால் புத்திக்கு அங்கே வேலையில்லை.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. ஒரு மத்தியானம் மாப்பிள்ளை பாதியில் வைத்துவிட்டுப் போன தட்டை என் தங்கை தன் பக்கம் இழுத்து, அவர் நக்கிய கரண்டியாலேயே மிச்சத்தைச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துப் பல்லை உறிஞ்சினாள். அவர் செய்கிற அதே சத்தம். நான் எழுந்து போய்க் கழுவு தொட்டியில் வாந்தி எடுத்தேன். "என்னண்ணா, ஒத்துக்கலையா?" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கை ஈரமாக இருந்தது.

அதன் பிறகு மாப்பிள்ளைக்கு நிஜ வண்டி வேண்டும் என்ற ஆசை வந்தது. எது வாங்கலாம் என்று என்னிடம்தான் கேட்டார். எஞ்சின் பின்னால் இருக்கிற, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய வண்டி ஒன்றைக் காட்டினேன். சிவப்பு. பார்த்ததும் மயங்கிவிட்டார். அதை விற்ற மெக்கானிக் நேர்மையானவர். என்னைத் தனியாக ஓரம் கட்டி, "சார், உங்க மாப்பிள்ளைகிட்ட தெளிவா சொல்லிடுங்க. இந்த வண்டியில வளைவுக்கு நடுவுல காலை எடுக்கவே கூடாது. எடுத்தா வால் சுத்திரும்" என்றார்.

"சொல்றேன்" என்றேன்.

அந்த மெக்கானிக்கைத் தொந்தரவு செய்யாதீர்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லை. நானும் அதில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மலைச் சாலைக்குக் கிளம்பினார். தங்கை வாசலில் தயங்கி நின்றாள். "எனக்கு வளைஞ்சு வளைஞ்சு போனா தலை சுத்தும். நீங்க போய்ட்டு வாங்களேன்" என்றாள். அவர் முகம் வாடிவிட்டது. நான்தான், "கூடப் போயிட்டு வா. அவர் எவ்ளோ ஆசையா இருக்கார் பாரு" என்றேன். ஏறிக்கொண்டாள். கண்ணாடியை இறக்கி, "அண்ணா, சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்றாள்.

ஒன்பதாவது வளைவு. மழை இல்லை, எதிரே வண்டி இல்லை. வண்டி பின்புறமாகச் சுற்றித் தடுப்பை உடைத்துக்கொண்டு இறங்கியது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் பாறையில் மோதியது. அவர் பிழைத்துக்கொண்டார். நீங்களும் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள்.

இப்போது ஏன் வந்தேன் என்றுதானே கேட்டீர்கள். ஏழு வாரமாக அவருக்கு என்னை விட்டால் வேறு நாதியில்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மூன்று வேளையும் நான்தான் சூப்பை ஊட்ட வேண்டும். பாதி உள்ளே போகும், பாதி கம்பிகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு மோவாயில் வழியும். அழும்போது மூக்குச் சளி அதோடு கலந்துவிடும். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். போன செவ்வாய்க்கிழமை பல்லைக் கடித்தபடியே பேசினார்: "மச்சான், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் காலை எடுத்தேன். நான்தான் லேட்டா எடுத்துட்டேன் போல. நீங்க அவ்ளோ பொறுமையா சொல்லிக்குடுத்தும் எனக்குப் புத்தியில ஏறல. உங்க தங்கச்சிய நானே கொன்னுட்டேன். மன்னிச்சிருங்க." சொல்லும்போது எச்சில் என் கண்ணிமையில் தெறித்தது.

இன்னொரு வேளை அவருக்கு ஊட்ட என்னால் முடியாது. அதனால்தான் வந்தேன்.

மாப்பிள்ளைக்குச் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் சாக வேண்டும் என்று ஏழு மாதம் கற்றுக்கொடுத்தேன். சாகவில்லை. அந்த அளவில் என் வேலையில் பிழை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கைக்கு நேர்ந்தது விபத்து. அதைத் தனியாக எழுதுங்கள்.

நான் கொண்டுவந்த பென் டிரைவில் எல்லா செட்டப்பும் தேதிவாரியாக இருக்கிறது. கடைசிக் கோப்பைக் காட்டுகிறீர்கள். ஆமாம், அந்த ஞாயிறுக்கு முந்திய வியாழக்கிழமை. மாப்பிள்ளை வாங்கிய அதே பழைய வண்டியை விளையாட்டில் எடுத்து, அதே மாதிரி ஒரு வளைவில், மாப்பிள்ளையின் பாதம் செய்வதையே செய்து பார்த்தேன். ஓட்டுகிறவர் மட்டும் இருந்தால் பத்துக்கு நாலு தடவை வண்டி எப்படியோ தப்பித்துக்கொண்டது. பக்கத்து இருக்கையில் ஐம்பத்து நான்கு கிலோ வைத்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. செட்டப் போடுகிறவன் எவனும் பாரத்தை மாற்றி வைத்துப் பார்ப்பான், ஐயா, அது வழக்கம்தான். இதை வைத்துக்கொண்டு என் தங்கையை நான் கொன்றேன் என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கோப்பு முழுக்கத் தேடிப் பாருங்கள், அவள் பெயர் எங்கேயும் இருக்காது. எடையை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.