மாத்திரை வீணாகவில்லை

நாங்குநேரி குமரகுருபரன் அய்யா அவர்களுக்கு, திருநெல்வேலி டவுண் சிவசைலம் எழுதுவது.

வேணியைப் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டுக் காப்பி நன்றாக இருந்தது. நீங்கள் சாய்வு நாற்காலியில் இருந்தீர்கள். எதிரே சோபாவில் என் அண்ணன் ஆவுடைநாயகம், அவர் பக்கத்தில் மதினி பிரம்மநாயகி. மின்விசிறிக்கு நேர் கீழே நான். காற்றில் என் முடி விலகி வழுக்கை தெரிந்தபோது அண்ணன் சொன்னார்: "பதறாதீய அண்ணாச்சி. எண்ணெய், சீப்புச் செலவு ஒங்க மகளுக்கு மிச்சம்லா." நீங்கள் சிரித்தீர்கள். கதவுக்குப் பின்னால் வேணி சிரித்ததும் கேட்டது. மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது.

எனக்கு அண்ணன் மேல் கோபமில்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு அந்தக் கையோடு அல்வா தின்கிற மனிதரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது.

அதே மாத்திரை மயிர்க்கால்களுக்குத் திரும்ப உயிர் கொடுக்கிறதா என்று சோதனை நடப்பதாகச் செல்போனில் படித்தேன். எலிகளுக்கு முளைத்ததாம். மருந்துக்கடை செந்தூர்பாண்டி தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்: "யாருக்கு வே, ஒமக்கா? பொண்ணு தேடுத நேரத்துல சுகரா?" அண்ணனுக்கு என்றேன். "அதான் மதினி நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாவளே." வெறுங்கையோடு திரும்பினேன். எனக்குச் சர்க்கரை என்று அந்த வாய் பரப்பிவிட்டால் அப்புறம் யார் பெண் தருவார்கள்?

அண்ணனுக்குக் கண் மங்கல். மாத்திரைகளை டப்பாவில் பிரித்துவைப்பது என் வேலை. அவற்றை அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து என் தலையில் தேய்த்தேன். டப்பாவில் அதே அளவுள்ள சுண்ணாம்புச்சத்து மாத்திரை வைத்தேன். எலும்புக்கு நல்லது.

அண்ணனுக்கு ஓயாத தாகம். செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போடவில்லையா என்று டாக்டர் திட்டியதற்கு, "எந் தம்பி கையால குடுக்கான், ஒரு வேள தப்புனதில்ல" என்று அவரிடமே சண்டை போட்டார். அவருக்கு எப்போதும் அவ்வளவுதான் புத்தி. மதினி அல்வாவைக் குறை சொன்னார். கால் கறுத்தது, எடுத்தார்கள். "ஏலே, மாத்திரையை மட்டும் நிப்பாட்டிராத. அதுதாம்லே என்னைத் தாங்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மாத்திரையை அவருக்கே கொடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்று தெரியும். பாதியில் விட்டால் முளைத்ததும் உதிர்ந்துவிடும் என்றும் தெரியும். போன மாதம் காலமானார்.

சம்பந்தம் பேசுகிற இடத்தில் ஒளிவுமறைவு கூடாது என்பதால் எல்லாம் எழுதிவிட்டேன். இனி எங்கள் வீட்டில் கேலி பேச ஆள் இல்லை. வேணியிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

என் உச்சந்தலைப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மதினியிடம் காட்டினேன். "எங்க தம்பி? ஒண்ணும் தெரியலையே" என்றார். அழுது அழுது அவருக்கும் கண் பழுதாகிவிட்டது.

இன்றே பதிவுத் தபாலில் சேர்க்க உறையை ஒட்டுகிறேன். படத்தை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டுகிறேன்.