வெள்ளிப் பசை

பலூன் வெடித்தால்கூட எனக்குப் பயம், ஐயா. குழந்தைகள் கையில் பலூனைப் பார்த்தால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் தங்கை கேலி செய்வாள். அவள் புருஷன் நேர் எதிர், எதற்கும் சிரிப்பான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

மின்சாரம் துளியும் தடையில்லாமல் ஓடும் பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். அதற்குக் கொடுமையான குளிர் வேண்டும். நாங்கள் செய்த கறுப்புப் படிகத்துக்கு வெறும் ஐஸ் கட்டியின் குளிரே போதும் என்று போன வருடம் அறிவித்தேன். உலகமே திரும்பிப் பார்த்தது. எங்கெங்கோ செய்து பார்த்தார்கள், யாருக்கும் வரவில்லை. உங்களுக்குக் கைப்பக்குவம் போதாது என்று பதில் எழுதினேன். அதை நம்பித்தான் எழுதினேன்.

படிகத்தின் மேல் முடியைவிட மெல்லிய நான்கு கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டுவோம். இரண்டு மின்சாரத்தைக் கொடுக்கும், இரண்டு அளக்கும். மாப்பிள்ளை அந்தப் படிகத்தைப் பெயர்த்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறான். பசை அடியில் வழிந்து, அளக்கும் கம்பிகள் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. அப்படி ஒட்டிக்கொண்டால் எந்தக் கல்லை வைத்தாலும் தடை பூஜ்ஜியம் என்றுதான் காட்டும். ஒட்டியவன் நான்.

"நாமளே சொல்லிடலாம் மச்சான். தப்பு யாருக்குத்தான் வரல? அவங்க கண்டுபிடிச்சாத்தான் அசிங்கம்" என்றான். என் முகம் போன போக்கைப் பார்த்து, தோளில் கைபோட்டு டீ வாங்கிக் கொடுத்தான்.

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்குப் பயம். இத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இன்னொரு படிகத்தை அளந்துவிட்டுச் சொல்லலாம் என்றேன். சரி என்றான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

அளக்கும் அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. ஐஸ் குளிருக்கும் கீழே வரை அளந்து பார்க்க, குளிரூட்டும் தொட்டியில் திரவ நைட்ரஜனை நிரப்புவோம். அப்போது அது ஆவியாகி, நாம் மூச்சுவிடும் காற்றைத் தள்ளிவிடும். அதற்காக எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. ஆனால் அதன் அதிர்வில் அளவு கெடும் என்பதால் அதை நிறுத்தி வைப்பது எங்கள் வழக்கம். நிரப்பப் போகிறவர் உள்ளேயிருந்து கதவுக் கண்ணாடியைத் தட்டுவார், வெளியே நிற்பவர் ஃபேனைப் போட்டுவிட்டுத் தலையாட்டுவார். அறையில் ஓடும் பம்பின் இரைச்சலில் ஃபேன் சத்தம் உள்ளே கேட்காது. காற்று குறைந்தால் அலறும் கருவி ஒன்றும் கதவுக்கு வெளியே இருந்தது. அதன் வயரை அன்று காலையில் கழற்றியிருந்தேன். திடீர்ச் சத்தம் எனக்கு ஆகாது.

மாப்பிள்ளை தட்டினான். நான் தலையாட்டினேன்.

அவன் சிரித்துவிட்டு வால்வைத் திறந்தான். வெள்ளைப் புகை தரையில் பரவி முழங்காலுக்கு ஏறியது. கைதவறி விழுந்த ஸ்பானரை எடுக்கக் குனிந்தான். பிறகு நிமிரவில்லை.

உள்ளே ஒருவர் விழுந்தால் யாரும் ஓடிப்போய்த் தூக்கக்கூடாது, ஓடினால் இரண்டு பிணம் விழும். இது எங்கள் விதி. நான் விதியை மீறவில்லை. தீயணைப்பு வீரர்கள்கூட, பதறி உள்ளே போகாமல் இருந்தீர்களே என்று என்னைப் பாராட்டினார்கள். அவர்கள் வந்தபோது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, கருவியின் வயரும் அதன் இடத்தில் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு ரொம்பத் துடிச்சாராண்ணா? பயந்தாரா?"

"இல்லம்மா" என்றேன். அது சத்தியம். நைட்ரஜன் மூச்சை முட்டவைக்காது, ஆள் தூங்குவதுபோல் சாய்ந்துவிடுவார். அவன் கொஞ்சமும் பயப்படவில்லை, ஐயா. பயந்தது நான்தான். ஃபேன் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கிறது. அவன் அசைவு நிற்கும்வரை என் விரல் அழுத்தாமல் அதன் மேலேயேதான் இருந்தது. அது எப்படி நடுங்கியது என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.