எக்கோ இல்லாத ஆல்பம்

பாடகர்: …அதனாலதான் சொல்றேன் மச்சான், இந்த ஆல்பத்துல உன் எக்கோ பெட்டி வேண்டாம். மூடி வை.

கிதார்காரர்: எதனாலதான்? மறுபடி சொல்லு. காதுல விழுந்துச்சு, மனசுல விழல.

பாடகர்: ஜனங்க மாறிட்டாங்க. நாம ஒரு பாட்டை முடிக்கிறதுக்குள்ள பாதிப்பேர் டீ குடிச்சுட்டு வந்துடறான்.

கிதார்காரர்: திரும்பி வர்றான்ல? அதுதான் நாம வாசிக்கற சைக்கடெலிக் ராக். மிதந்துக்கிட்டே போவான், மிதந்துக்கிட்டே வருவான்.

பாடகர்: இதுல மிதக்கறதெல்லாம் இல்ல. சின்னச் சின்னப் பாட்டு. என் குரல், உன் வெறும் கிதார்.

கிதார்காரர்: வெறும் கிதாரா… மூணு ஆல்பமா பட்டு வித்த கடை மாப்ளே இது. இப்போ கைக்குட்டை விக்கலாங்கற.

பாடகர்: கைக்குட்டைதான் தினம் போகும்.

கிதார்காரர்: சரி, பேசித் தீத்துக்குவோம். பாதிப் பாட்டுக்கு எக்கோ.

பாடகர்: ம்ஹூம்.

கிதார்காரர்: கால்வாசி.

பாடகர்: நீ இறங்கிக்கிட்டே இரு. நான் ஏறப் போறதில்ல.

கிதார்காரர்: ஒரே ஒரு பாட்டு! தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தவன் கேக்கறேன்.

பாடகர்: அதை எத்தனை வருஷம்யா சொல்லிக் காட்டுவ?

கிதார்காரர்: ஆயுசுக்கும்.

பாடகர்: அந்தப் பெட்டி மேல அப்படி என்ன பாசம்?

கிதார்காரர்: எனக்கென்ன பாசம்… ரசிகன் பழகிட்டான்.

பாடகர்: ரசிகனா, நீயா?

கிதார்காரர்: …வேற ஆளை வெச்சு வாசிச்சுக்க மாப்ளே. கோபமா சொல்லல. நான் விலகிக்கறேன்.

பாடகர்: ஏன்?

கிதார்காரர்: எக்கோ இருந்தா, நான் ஒரு தடவை மீட்டினா அது நாலு தடவை பேசும். விட்டுப்போன ஸ்வரத்தையும் பூசி மெழுகிடும். அது இல்லேன்னா… இடது கையில சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்க மாட்டேங்குது. ரொம்ப நாளாச்சு. போன ஆல்பமே அந்தப் பெட்டி போட்ட பிச்சை. போதுமா?

பாடகர்: தெரியும்.

கிதார்காரர்: தெரியுமா! யார் சொன்னா?

பாடகர்: உன் தங்கச்சி. நீ சட்டைப் பொத்தானோட மல்லுக்கட்டறதைப் பார்த்துட்டா.

கிதார்காரர்: தெரிஞ்சும் பெட்டியைப் பிடுங்குறியா? ஓஹோ… என்னைக் கழட்டி விடறதுக்குத்தான் இந்தப் புது ஸ்டைலு.

பாடகர்: அட போ மச்சான்… என் கையில அதே ரெண்டு விரலையும் டேப் போட்டுக் கட்டிக்கிட்டுத்தான் கிதார்ல எல்லாப் பாட்டுக்கும் மெட்டுப் போட்டேன். மிச்ச விரலுக்கு எட்டாத ஸ்வரம் ஒண்ணுகூட இந்த ஆல்பத்துல கிடையாது. கிதாரை எடு.