லேமினேட் செய்த பில்

அக்ரஹாரத்து மிக்சி கடையில் வரிசை நகரவேயில்லை. என் கையில் சூடேறாத, பில் தொலைந்த இஸ்திரிப்பெட்டி. முன்னால் நின்ற தம்பதி ஜெயித்தால் எனக்கும் வழி பிறக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

“பில் இருக்கு சார். படிக்கத்தான் முடியாது,” என்றார் கணவர்.

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். தாள் முழுக்கக் கன்னங்கரேல்.

“ஏன் சார் இப்படி?”

“பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணேன். சூட்டுல கருத்துடுச்சு.”

“ரிடயர் ஆனதிலேருந்து இவருக்கு இதே வேலை,” என்றார் மனைவி. “அஞ்சே நாள்ல மிக்சி புகையுது. நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்க. சட்னிய எதுல அரைப்பேன்?”

“ஸ்வல்ப இருங்கம்மா,” என்று கன்னடம் கலந்து பொறுக்கச் சொன்னார் கடைக்காரர். “வாரண்டி கார்டு குடுங்க, கடை சீல் வெச்சுடறேன்.”

கணவர் நீட்டினார். அதுவும் லேமினேட். சீல் மை வழுக்கிக்கொண்டு ஓடியது.

கடைக்காரர் நிமிர்ந்தார். “சார், பில்லை மடிக்காம குடுன்னு அன்னிக்கு என்கூட சண்டை போட்டது நீங்கதானே?”

கணவர் மெதுவாகத் தலையாட்டினார்.

“அப்ப நம்ம கடை மிக்சிதான். வேற தரேன்.”

இஸ்திரிப்பெட்டி வாங்கிய அன்று நான் யாரோடும் சண்டை போடவில்லை.

புது பில்லுக்குக் கணவர் கை நீட்டினார். மனைவி முந்திக்கொண்டார்.

“எங்கிட்ட குடுங்க. அவரு மிக்சியத் தூக்கிட்டு வரட்டும்.”