இரும்பு இறங்கிய இடம்

— நீ இரும்பு அனுப்பவே இல்ல ஜெயா. சும்மா அனுப்பினேன் அனுப்பினேன்னு சொல்ற.

— அனுப்பினேன் ஜெரோம். கேம்ல 'சரக்கு சேர்ந்தது'ன்னு பச்சை டிக் வந்திருக்கு. உனக்கு வரலைன்னா உன் கண்ணுலதான் கோளாறு.

— என் கிரகத்தச் சுத்தி எதிரிக் கப்பலா நிக்குது. ஆறு மணிக்குள்ள பீரங்கி செய்ய இரும்பு வரலைன்னா கிரகம் போச்சு. ஆறு மாசமா கட்டினது. சிறுசேரிலேர்ந்து ஆபீஸ் பஸ்ல இந்த விதிமுறையத்தான் படிச்சுட்டு வரேன், மண்டை காயுது.

— சத்தமா படி. நான் மொட்டை மாடில இருக்கேன். அப்பா கீழ ஹால்ல. எங்க பொத்தேரி வீட்ல வாடகைக்கு இருக்கற காலேஜ் பசங்க அவர் போன்ல என்னத்தையோ ஏத்திக் குடுத்துட்டாங்க, அதுலேர்ந்து தலையே நிமிரல.

— கேளு. 'முற்றுகையில் உள்ள கிரகத்தில் வெளிச் சரக்கு இறங்காது. அருகிலுள்ள கூட்டாளியின் கிடங்கில் இறக்கப்படும். அவர் அனுமதித்தால், உரியவர் தன் கப்பலில் எடுத்துச் செல்லலாம்.'

— அடப்பாவிங்களா. அப்புறம் சேர்ந்ததுன்னு டிக் எதுக்கு?

— எங்கயோ சேர்ந்துச்சுல்ல, அதுக்கு. கொரியர்காரன் பக்கத்து வீட்ல குடுத்துட்டு நமக்கு மெசேஜ் போடுவானே, அதே கதை.

— யாரு அந்தப் பக்கத்து வீடு?

— 'ஏரிக்கரை ராஜா'ன்னு ஒருத்தர். நம்ம கூட்டணில புதுசா சேர்ந்தவர். அனுமதி கேட்டுப் போட்டிருக்கேன்.

— ஐயோ. ஒவ்வொரு கப்பல்லயும் சீட்டு வச்சு அனுப்பினேனே.

— என்ன சீட்டு?

— சிரிக்கக் கூடாது. 'ஜெரோம் கண்ணு, நான் வச்ச மீன் குழம்பு பிடிச்சுதா?' 'நீ சர்ச்சுக்குப் போற வீட்டுப் பையன்னு அப்பா கிட்ட எப்படிச் சொல்றது, பயமா இருக்கு.' எல்லாத்தையும் அந்த ஆளு படிச்சிருப்பாரு.

— படிக்கட்டும், யாரோ எவரோ. நீ உங்கப்பா கிட்ட நேர்ல சொல்லாதத எவனோ ராஜாவுக்குச் சொல்லிருக்க.

— குத்திக் காட்டாத. சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது, அவர் மூஞ்சியப் பாத்தா உள்ள போயிடுது. இன்னொண்ணு கேளு. என் கப்பல் ஒண்ணுகூடக் காலியா திரும்பல. கொஞ்சம் தண்ணி ஏத்தித்தான் வந்துது. நீதான் அனுப்பறேன்னு நெனச்சேன்.

— நான் எதுக்கு? அதுல ஒரு பாயிண்ட் கூடக் கிடையாது. யாரு அப்படிப் பண்ணுவாங்க?

— எங்க வீட்ல பண்ணுவாங்க. குழம்பு வந்த டப்பாவ வெறுமனே திருப்பினா அப்பாவுக்கு ஆகவே ஆகாது. ஒரு பிடி அரிசியாவது போடணும்.

— எங்கம்மாவும் அப்படித்தான். உன் டப்பால அச்சுமுறுக்கு போட்டாங்கல்ல.

— அத என் பிரெண்டு ஏஞ்சல் வீட்டு முறுக்குன்னு சொல்லி வச்சேன். அப்பாவே முக்காவாசி தின்னுட்டார்.

— இரு, ராஜா பதில் போட்டுட்டார். 'தம்பி, உன் இரும்பு அல்லாம் பத்திரமா கீது. கிடங்கத் தொறந்து வுட்டுட்டேன், வந்து எடுத்துக்கோ. பேஜாராவாத.'

— எடு எடு, சீக்கிரம்.

— எடுத்துட்டேன். பீரங்கி ரெடி. ஓடறானுங்க ஜெயா, ஒரு கப்பல் கூட நிக்கல. பஸ்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க.

— எனக்கு இங்க ஆடணும் போல இருக்கு. அவருக்கு ஒரு நன்றி போடு.

— போட்டேன். இன்னும் என்னமோ எழுதறார்... ஜெயா.

— என்ன? ஏன் குரல் எறங்குது?

— நீ உக்காந்துக்கோ. அப்படியே படிக்கறேன்.

— படிடா.

— 'மாப்ள, சீட்ட வேற யாருக்கும் காட்டல. ஞாயித்துக்கெழம உங்கம்மா அப்பாவ இட்டுகினு நம்ம வூட்டுக்கு வா, முறுக்கு சுட்ட கைக்கு மருவாத செய்யணும். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிட்றேன், அந்த மீன் கொழம்ப வச்சது ஜெயஸ்ரீ இல்ல, அவ அம்மா.'