வரிசையில் நின்ற பதில்

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை. கூட்டம் என்று மொட்டைமாடிவரை ஏறி வந்திருக்கிறீர்கள்; கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை.

நம் தெருவின் நாற்பத்து மூன்று வீடுகளையும் கேபிளால் இணைத்தவன் நான். இணையம் ஹவானாவில் எட்டாக்கனியாக இருந்தபோது, விளையாடவும் பேசவும் நாமே கட்டிக்கொண்ட நெட்வொர்க். ஒருவன் அதிகம் இழுத்தால் மற்றவனுக்குச் சொட்டுகூட வராது. அதனால்தான் ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று அளந்துவிடும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். யாரையும் நான் துண்டித்ததில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் புகார் சொன்னது கிராசியெலா அக்காதான். "டேய் ஓஸ்மார், கேம்ல என் படை பாதி வழியில கல்லு மாதிரி நிக்குது. எவன்டா எல்லாத்தையும் உறிஞ்சறான்?"

பசிலியோதான். விரிகுடாவுக்கு அந்தப்பக்கம், ரெக்லாவில் இருக்கும் தன் காதலி எனெய்தாவோடு, மாடி ஆண்டெனா வழியாக, தினமும் மதியம் மூன்று மணி நேரம் முகம் பார்த்துப் பேசுவான். பொதுநலம் கருதி அவன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். படம் நின்றது, குரல் நின்றது, எழுத்து மட்டும் போனது. அதையும் வரிசையில் நிற்க வைத்தேன். இந்த ஊரில் வரிசையில் நிற்காதது எது?

அவர்கள் எழுதியதைப் படித்தேனா என்கிறீர்கள். கோளாறு பார்ப்பவன் கண்ணில் படத்தானே செய்யும்.

ஒரு ஞாயிறு மதியம் அவள் எழுதினாள்: "எல்லாரும் கேக்கறாங்க. என்னைக் கட்டிக்கறியா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு."

"கட்டிக்கறேன்" என்று அவன் உடனே எழுதினான். பதினேழு தடவை எழுதினான். பதினேழும் வரிசையில் நின்றன. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு யோசிக்கணுமா? வேணாம் போ" என்றாள். அது அவனுக்கு உடனே போய்ச் சேர்ந்தது. அவனுக்கு வருவதற்கு நான் வரம்பே வைத்ததில்லை.

என்னிடம் வந்து அழுதான். "பதினேழு தடவை சரின்னேன்டா. வேணாம்னுட்டா." எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. படகேறிப் போய் நேரில் கேட்டிருக்கலாம், ரோஷக்காரன், போகவில்லை.

நெட்வொர்க்கின் சார்பில் எனெய்தாவுக்கு ஆறுதல் எழுதியது நான். அவள் எதைக் கேட்டாலும் நொடியில் பதில் போகும். அதற்காக மற்ற நாற்பத்திரண்டு வீடுகளையும் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. "நீ ஒருத்தன்தான் யோசிக்காம பதில் சொல்ற" என்றாள். டிசம்பரில் எங்களுக்குக் கல்யாணம், நீங்கள் எல்லோரும் வந்து சாப்பிட்டீர்கள்.

நேற்று மதியம் என் கணினியைத் துடைத்தவள், அந்தப் பதினேழும் இன்னும் வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டாள். சோற்றையும் பீன்ஸையும் என் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்டாள்: "நீதான் பண்ணியா?"

எங்கள் நடுவே கேபிள் கிடையாது, ஆண்டெனா கிடையாது, ஒரு மேசைதான். ஆனாலும் சோறு ஆறிப்போகும்வரை என் பதில் போய்ச் சேரவில்லை. எழுந்து ரெக்லா படகுக்குப் போய்விட்டாள். கோளாறு எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.