சடச்சி வரையாம விட்ட இடம்

மலையில மூங்கில் பூத்துக் காஞ்சு, மறுபடி பூத்துக் காஞ்சு, அதுக்கும் முந்தின காலமாம். நம்ம அடிவாரத்து ஊர்ல சடச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். மலைசனம், பளியர் வீட்டுப் பொண்ணு. செம்மண்ணு, சுண்ணாம்பு, அடுப்புக்கரி, வேங்கைமரத்துப் பாலு, இம்புட்டுதான் அவ சாயம். பாறையைக் கண்டா மிளா மான் வரைவா, சுவத்தைக் கண்டா கரடி வரைவா. ஆனா கண்ணால பாக்காததை மட்டும் தொடவே மாட்டாளாம்.

அந்த வருசம் ஊரே சேந்து வயலுக்கு நெட்டா ஒரு மதில் கட்டுச்சாம். ஆனை வந்து தள்ளுச்சாம். திரும்பக் கட்டுனாகளாம். திரும்பத் தள்ளுச்சாம். ஊர்ப் பெரியவரு குருவையா ரோசனை பண்ணி, சடச்சியைக் கூப்பிட்டு விட்டாராம்.

"தாயி, மதில் நெடுகப் புலியா வரஞ்சு விடு. பல்லு தெரியணும். ஆனை பாத்துட்டு ஓடிப்போகணும்."

"நான் புலியைப் பாத்ததில்லைங்கய்யா. அதோட கால்தடத்தைத்தான் பாத்திருக்கேன்."

"அப்பத் தெரிஞ்சதை வரை. மதில் நிக்கணும். இந்த வெள்ளாமையும் போச்சுன்னா ஊரே கஞ்சிக்குச் சிங்கியடிக்கணும்."

சடச்சி வரஞ்சாளாம், வரஞ்சாளாம், ஏணி போட்டு வரஞ்சாளாம். ஊரு போய்ப் பாத்தா மதில் பூராவும் ஆனை. நெசத்துல எம்புட்டு உசரமோ அம்புட்டு உசரம். முன்னால கிழட்டுப் பெட்டை, பின்னால குட்டியும் கூட்டமும். நடுவுல மட்டும் ரெண்டு வண்டி போற அகலத்துக்கு வெறும் சுவரு.

குருவையா தலையில கைய வச்சுக்கிட்டாராம். "விரட்டச் சொன்னா, வெத்தலபாக்கு வச்சுல்ல கூப்பிட்டிருக்க."

"அதுக வர்றதைத்தான்யா வரஞ்சேன். எங்காத்தா காலத்துல இருந்து இந்த ஓடை வழியாத்தான் கம்மாய்க்குத் தண்ணி குடிக்க இறங்குதுக. வெறும் சுவரா விட்டிருக்கேன்ல, அதான் அதுக தடம். அந்தத் துண்டை இடிச்சிருங்க."

"இடிச்சா வயலு என்னாகுறது?"

"ஒரு நெல்லுக் கருதை மிதிச்சாலும் அப்புறம் நான் சாயத்தைத் தொடலைய்யா."

சொல்லிப்புட்டாளாம். படம் எழுதாட்டி அவளுக்குச் சோறு இறங்காதே, பாவம்.

இடிச்சாக. பொழுது சாய ஆனை வந்துச்சு. ஊரே மரத்து மேல. சடச்சி மட்டும் மதிலோரம் நின்னாளாம். கிழட்டுப் பெட்டை வந்து படத்தை மோந்து பாத்துச்சாம். காதை ஆட்டுச்சாம். பெறகு மெள்ளத் திரும்பி, இடிச்ச இடத்துல நுழைஞ்சு ஓடையில இறங்கிருச்சாம். ஒரு குட்டி மட்டும் நெல்லுப் பக்கம் தும்பிக்கையை நீட்டுச்சாம். சடச்சிக்கு உசுரே இல்லை. குட்டியோட ஆத்தாக்காரி பின்னால இருந்து ஒரு முட்டு முட்டவும், அதுவும் கம்முனு போயிருச்சாம். ஒரு கருது சாயல.

குருவையாவுக்குச் சந்தோசம் தாங்கல. "என்னையும் மதில்ல வரஞ்சிரு தாயி"ன்னாராம். வரஞ்சா. எப்படி? புளியமரத்து உச்சிக்கிளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, வேட்டி அவுந்து கீழ தொங்க. மனுசன் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாராம். அழிக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாராம். இன்னைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் அவரு வம்சத்துக்காரகதான் அந்த வேட்டிக்குச் சுண்ணாம்பு பூசுறாக.

வழிவிட்டான்பட்டின்னு ஊருக்குப் பேரு வந்தது அப்படித்தான். இங்க யாரு வீடு கட்டுனாலும், வெறும் மனையில நின்னு, மலையைப் பாத்து, "இது யாரு நடக்குற வழி?"ன்னு சத்தமாக் கேக்கணும். கேட்டுட்டு, பதில் வருதான்னு செத்த நேரம் நிக்கணும். அதுக்கப்புறந்தான் கடக்கால் தோண்டலாம்.